கூலிக்காகக் கட்டுன கல்லுக் கோட்டை: ஓக்லஹோமா ஆர்மரிகளோட கதை

வாசலுக்கு மேல பெரிய எழுத்துல ஆர்மரின்னு போட்டிருக்கு, ரெண்டு பக்கமும் கொத்தளம் மாதிரி தடியா கல்லுச் சுவரு, உள்ள எட்டிப் பார்த்தா பத்து வயசுப் பசங்க பேஸ்கட்பால் ஆடிட்டு இருக்காங்க. அமெரிக்காவுல ஓக்லஹோமா மாநிலத்துக்கு வேலைக்கு வந்த புதுசுல பையனோட மேட்சுக்காக ஒரு சின்ன ஊருக்குப் போனப்போதான் இப்படி ஒண்ணை முதல் தடவை பார்த்தேன். ஆர்மரின்னா ஆயுதக் கிடங்கு, எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். இத்துனூண்டு ஊருக்கு எதுக்குய்யா இவ்ளோ பெரிய ஆயுதக் கிடங்கு, யாரு படையெடுத்து வரப்போறான்னு யோசிச்சுக்கிட்டே மேட்ச் முடியற வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்புறம் வேலை விஷயமா சுத்த ஆரம்பிச்சதும் பார்த்தா வீவோகா, ஒகீமா, கொனாவா, அனடார்கோ, வாட்டாங்கா, வில்பர்ட்டன்னு எங்க போனாலும் அண்ணன் தம்பி ஜாடையில இதே மாதிரி ஒண்ணு. சில ஊர்ல செங்கல்லு, நிறைய ஊர்ல கல்லு. எல்லாமே 1930களோட பின்பாதியில கட்டுனது.

முதல்ல பேரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். அமெரிக்காவுல ஆயுதம் தயாரிச்சு மொத்தமா அடுக்கி வைக்கிற இடத்துக்கு ஆர்சனல்னு பேரு. ஆர்மரிங்கறது பேச்சு வழக்குல நேஷனல் கார்டோட வீடு. நேஷனல் கார்டுன்னா முழுநேர ராணுவம் கிடையாது, நம்ம நாட்டு டெரிடோரியல் ஆர்மிக்கு ஒன்னுவிட்ட தம்பின்னு வச்சுக்கோங்க. பகல்ல மளிகைக்கடை, பெட்ரோல் பங்க், வயல் வேலை, அந்தக் காலத்துல வாரத்துல ஒரு சாயந்திரம் யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு பயிற்சி, வருஷத்துல ரெண்டு வாரம் கேம்ப். மாநில கவர்னர் கூப்பிட்டாலும் போகணும், நாட்டு ஜனாதிபதி கூப்பிட்டாலும் போகணும். அந்தப் பயிற்சிக்கு மழை வெயில் படாம ஒரு பெரிய ஹால் வேணும், துப்பாக்கியைப் பூட்டி வைக்க ஒரு ரூம் வேணும், ஆபீஸ் ஒண்ணு வேணும். அவ்ளோதான் ஆர்மரி. மொத்தக் கட்டடத்துல ஆயுதத்துக்குன்னு இருக்கிற இடம் ஒரு சின்ன ரூம்தான், மீதியெல்லாம் மனுஷன் நிக்கறதுக்கும் நடக்கறதுக்கும்.

அப்ப ஏன் கோட்டை மாதிரி தெரியுது? அதுக்கு 1877க்குப் போகணும். அந்த வருஷம் ஜூலையில மேற்கு வர்ஜீனியாவுல மார்ட்டின்ஸ்பர்க்ங்கற ஊர்ல ரயில்வே தொழிலாளிங்க சம்பள வெட்டை எதிர்த்து வேலைநிறுத்தம் ஆரம்பிச்சாங்க, அது காட்டுத்தீ மாதிரி நாடு பூரா பரவுச்சு, பிட்ஸ்பர்க்ல கார்டு படை கூட்டத்து மேல சுட்டு இருபது பேர் பக்கம் செத்தாங்க, ரயில் ஷெட்டெல்லாம் எரிஞ்சுது. பணக்காரங்களுக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு. அதுக்கப்புறம் நியூயார்க் மாதிரி நகரங்கள்ல எழும்புன ஆர்மரியெல்லாம் பச்சையா கோட்டைதான், கோபுரம், துப்பாக்கி நீட்டுற மாதிரி ஒடுக்கமான ஜன்னல், இரும்புக் கதவு. எதிரி எங்கயோ கடல் தாண்டி இல்ல, தெருவுலயே இருக்கான்னு சொல்ற கட்டடம் அது. அந்த ஜாடைதான் அறுபது வருஷம் கழிச்சும் ஒரு சின்ன ஊர் ஆர்மரியோட மேல் விளிம்புல படிக்கட்டு படிக்கட்டா ஏறி இறங்கற கைப்பிடிச் சுவரா மிஞ்சி நிக்குது. ஓக்லஹோமாக்காரங்க யாரையும் பயமுறுத்தறதுக்காக அப்படிக் கட்டல, ஆர்மரின்னா இப்படித்தான் இருக்கணும்னு ஒரு பழக்கம், கல்யாண மண்டபம்னா முகப்புல ரெண்டு யானை வைக்கிறோமே அந்த மாதிரி.

ஓக்லஹோமா மாநிலம் ஆனதே 1907ல. அங்க பெரும்பாலான கார்டு கம்பெனிக்கு (கம்பெனின்னா இங்க ஒரு சின்னப் படைப்பிரிவு) ரொம்ப நாளைக்கு சொந்த இடமே கிடையாது, கடைத்தெருவுல ஏதாவது ஒரு கடைக்கு மேல மாடியை வாடகைக்கு எடுத்து அங்கயே ட்ரில்லு, அங்கயே துப்பாக்கி. துப்பாக்கியைச் சரியாப் பூட்டி வைக்கலன்னா எவ்ளோ ஆபத்துன்னு காட்டுன ஒரு ராத்திரி உண்டு. 1921 மே 31, டல்சா. கறுப்பினத்தவர் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளைக்காரக் கும்பல் கொளுத்துன அந்த ராத்திரியில ஒரு கூட்டம் நேரா ஊர் ஆர்மரிக்குத்தான் வந்துச்சு, ஜன்னல் கம்பியைப் பிடுங்கி உள்ள இருக்கிற ரைஃபிளை எடுக்கலாம்னு. மேஜர் ஜேம்ஸ் பெல்லுங்கற கார்டு அதிகாரி கையில இருந்த கொஞ்ச பேரை வச்சுக்கிட்டு, உள்ள வந்தா சுடுவோம்னு மிரட்டித் துரத்தி விட்டார். கும்பல் அங்க இருந்து நகர்ந்து விளையாட்டுச் சாமான் கடைகளை உடைச்சு துப்பாக்கி எடுத்துச்சு, கிரீன்வுட்ல முப்பத்தஞ்சு பிளாக் பக்கம் சாம்பலாச்சு. அதே கார்டு படைதான் மறுநாள் கறுப்பின ஜனங்களைப் பிடிச்சு அடைச்சு வைக்கறதுலயும் கூட நின்னுச்சு, அதையும் சொல்லாம விட்டா கதை பாதிதான். ஓக்லஹோமா கார்டுல அப்போ கறுப்பினத்தவருக்கு இடமே கிடையாது. ஆனா கட்டடத்தைப் பத்தின பாடம் ஒண்ணு அந்த ராத்திரியிலயே தெரிஞ்சு போச்சு, துப்பாக்கி வைக்கிற ரூமுக்கு ஜன்னலே இருக்கக் கூடாது.

1931ல இன்னொரு கூத்து. அல்ஃபால்ஃபா பில் முர்ரேன்னு ஒரு கவர்னர், எடுத்ததுக்கெல்லாம் கார்டைக் கூப்பிடற ஆளு. ஜூலையில டெக்சஸ் எல்லையில ரெட் ரிவர் மேல புதுசா கட்டுன இலவசப் பாலத்தை டெக்சஸ்காரங்க தடுப்பு போட்டு மூடிட்டாங்கன்னு படையை அனுப்பி தானே ஒரு பழைய ரிவால்வரோட போய் நின்னார். பக்கத்துலயே காசு வாங்கற பழைய பாலம் ஒண்ணு இருந்துச்சு, அதோட முதலாளிக்கும் டெக்சஸ் அரசுக்கும் கேஸு, அதுதான் மூலக்காரணம். ஆகஸ்ட்ல பெட்ரோலிய விலை அதல பாதாளத்துக்குப் போனதும் பேரலுக்கு ஒரு டாலர் வர்ற வரைக்கும் எண்ணெய் எடுக்கக் கூடாதுன்னு சொல்லி 3,000க்கும் மேல கிணத்தை மூடி ஒவ்வொரு கிணத்தைச் சுத்தியும் கார்டு காவல் போட்டார். முப்பது தடவைக்கு மேல ராணுவச் சட்டம் போட்டவர்னு பேரு. சிரிப்பா இருந்தாலும் இதுல ஒரு விஷயம் இருக்கு, இவ்ளோ வேலை வாங்கற படைக்கு குந்த ஒரு வீடு இல்ல.

வீடு வந்தது படைக்காக இல்ல, பசிக்காக. இந்த இடம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. மகா மந்தம்ங்கற பெரிய பொருளாதாரச் சரிவு வந்து பருத்தி விலை செத்துப் போச்சு, எண்ணெய் விலை செத்துப் போச்சு, மேற்குப் பக்கம் புழுதிப் புயல்ல மண்ணே பறந்து போச்சு. 1935 மே மாசம் ரூஸ்வெல்ட் அரசு டபிள்யூ.பி.ஏ.ன்னு ஒரு வேலைத்திட்டம் தொடங்குச்சு, தலைமை ஹாரி ஹாப்கின்ஸ். 1943ல மூடற வரைக்கும் 85 லட்சம் பேருக்கு வேலை குடுத்த திட்டம். நம்ம ஊர்ல இதைப் புரியவைக்க ரொம்ப மெனக்கெட வேணாம், நூறு நாள் வேலைன்னு சொன்னாப் போதும். இன்னும் பழசா வேணும்னா 1877-78 தாது வருஷப் பஞ்சத்துல கஞ்சிக்கு மண்ணு சுமந்து பக்கிங்ஹாம் கால்வாயை நீட்டுனாங்களே, அந்த வம்சம்தான், என்ன, இங்க கூலி கொஞ்சம் மரியாதையா இருந்துச்சு.

நூறு நாள் வேலையில மெஷினைக் கொண்டு வந்தா சண்டை வரும் இல்லையா, ஜேசிபி ஒரே நாள்ல முடிச்சுட்டா அப்புறம் எங்களுக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க. டபிள்யூ.பி.ஏ.வும் அதே கணக்குதான். வாஷிங்டன் காசு பெரும்பாலும் கூலிக்குத்தான், சாமானுக்கு கை வைக்கக் கூடாதுன்னு ஒரு இறுக்கம். நிலம் ஊர்க்காரங்க குடுக்கணும், சாமான் செலவுல ஒரு பங்கு உள்ளூர் தலையிலயும் விழும். வேலைக்கு எடுக்கிற ஆளுங்கள்ல பத்துல ஒம்போது பேர் நிவாரணப் பட்டியல்ல இருக்கணும். இப்ப இந்தக் கணக்கை ஒரு கட்டடத்து மேல போட்டுப் பாருங்க. செங்கல் வாங்கினா காசு சூளைக்காரனுக்குப் போகுது. கான்கிரீட் ஊத்தினா சிமெண்ட் கம்பெனிக்குப் போகுது. ஊருக்கு வெளிய பாறை சும்மா கிடக்கு, கிழக்கு ஓக்லஹோமா பூரா மணற்கல்லு, வடக்கே கே கவுண்டி, ஓசேஜ் பக்கம் சுண்ணாம்புக்கல்லு. அதை உடைக்க ஆளு, வண்டியில ஏத்த ஆளு, உளி வச்சு முகம் எடுக்க ஆளு, அடுக்க ஆளு, கலவை குழைக்க ஆளு. ஒரு கல்லு குவாரியில இருந்து சுவருக்கு வர்றதுக்குள்ள எத்தனை கூலி! கல்லு மலிவா இருந்ததால கல்லுல கட்டலைங்க, கல்லு நிறைய கையைத் தின்னும்ங்கறதால கல்லுல கட்டுனாங்க. நாம கல்லுக் கட்டடம்னா கம்பீரம், பாதுகாப்பு, நூறு வருஷம் நிக்கும்னெல்லாம் பேசுவோம், இங்க கல்லைத் தேர்ந்தெடுத்தது கூலிப் பட்டியல் எழுதுன குமாஸ்தான்னு சொன்னாலும் தப்பில்ல.

டிசைன் போட்டவர் பிரையன் நோலன், ஓக்லஹோமா சிட்டி ஆர்க்கிடெக்ட், அவரே கார்டுல அதிகாரியாவும் இருந்தவர். அதனாலதான் எல்லாத்துக்கும் ஒரே ஜாடை. ஒரே மாதிரி பிளான், ஊருக்கு ஊரு ஒரு யூனிட்டா ரெண்டு யூனிட்டாங்கறதைப் பொறுத்து நீள அகலம் மாறும், கல்லோட நிறம் மாறும், அவ்ளோதான். முன்னாடி தாழ்வா ஒரு பகுதி, அதுல ஆபீஸ், வகுப்பறை, ஸ்டோர். பின்னாடி உசரமா ட்ரில் ஹால், அதுக்கு வில்லு மாதிரி வளைஞ்ச கூரை, உள்ள அதைத் தாங்கற இரும்புச் சட்டம், அதாவது ட்ரஸ், நடுவுல ஒரு தூண் கூட கிடையாது. தூணில்லாம இருக்கறதுதான் ட்ரில் ஹாலோட உயிரு, ஒரு கம்பெனி ஆளுங்க வரிசையா நடந்து திரும்பணும்னா குறுக்கே எதுவும் நிக்கக் கூடாது. மேல உசரத்துல இரும்பு ஃப்ரேம் போட்ட ஜன்னல் வரிசை, வெளிச்சம் வரும், ஆனா தெருவுல போறவன் எட்டிப் பார்க்க முடியாது. ஒரு ஓரத்துல லாரி நுழையற அகலத்துக்குக் கதவு, ஏன்னா குதிரைக் காலம் அப்பத்தான் முடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, பீரங்கியை டிரக்கு இழுக்கற காலம் தொடங்கியிருந்துச்சு. வெளிச் சுவர்ல ட்ரஸ் உக்கார்ற இடத்துல எல்லாம் முட்டுச்சுவர் மாதிரி கல்லுத் தூண் வெளிய துருத்திக்கிட்டு இருக்கும், பார்க்க அழகுக்குன்னு தோணும், ஆனா கூரை பாரத்தை வாங்கறதே அதுதான்.

ஆயுத ரூம் ஆபீஸ் பக்கம், கான்கிரீட் கூரை, கனமான இரும்புக் கதவு, பேங்க் லாக்கர் மாதிரி. அதுக்கு அடுத்து ஒரு விசித்திரமான இடம், ஒடுக்கமா நீளமா ஒரு சந்து, சில கட்டடத்துல ஹாலுக்குப் பக்கவாட்டுல, சிலதுல தரைக்குக் கீழ. அது துப்பாக்கி சுடற ரேஞ்சு. 50 அடி தூரத்துல இலக்கு, பாயிண்ட் 22 சின்னத் தோட்டா, அந்தக் கடைசியில மணலும் இரும்புத் தகடும். குளிர்காலத்துல வெளிய போகாம குறி பழகலாம். இந்தச் சந்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வரும்.

நான் முதல்ல பார்த்த அந்த ஆர்மரிக்கு அப்புறம் நாலஞ்சு தடவை போயிருக்கேன். பின்பக்கச் சுவரை ஒரு நாள் சும்மா நின்னு பார்த்தேன், எங்க தாத்தா கொத்து மேஸ்திரியா இருந்தவர், சுவத்தைப் பார்த்தா கண்ணு தானாப் போகும். கடைக்காலை ஒட்டி முதல் மூணு நாலு வரிசையில கல்லு ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, இடுக்குல சில்லு சொருகியிருக்கு, காரை ஒரு விரல் அகலத்துக்கு வழியுது. இடுப்பு உசரம் தாண்டினதும் வரிசை பிடிபட ஆரம்பிக்குது. ஜன்னல் மட்டத்துக்கு வரும்போது கல்லோட முகமெல்லாம் ஒரே ஆழத்துக்குக் கொத்தி, மூட்டு மேல காரையைத் தனியா கயிறு மாதிரி புடைச்சு விட்டிருக்காங்க, அந்தக் காலத்து கல்லு வேலையில அடிக்கடி பார்க்கற ஒரு ஸ்டைல் அது. கைக்குத் தொழில் வந்தது சுவத்துலயே தெரியுது. டபிள்யூ.பி.ஏ.வுல தெரிஞ்ச மேஸ்திரி சில பேருதான், மீதி எல்லாம் நேத்து வரைக்கும் பருத்தி எடுத்தவன், எண்ணெய்க் கிணத்துல இருந்து துரத்தப்பட்டவன், பட்டியல்ல பேர் இருந்ததால உளி பிடிச்சவன். தாத்தா இருந்திருந்தா கீழ் வரிசையைப் பார்த்துத் திட்டியிருப்பார், மேல பார்த்துட்டு ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டார்.

கட்டடம் ரெடி, சேர ஆளு? அது தானா வந்துச்சு. ஒரு சாயந்திரம் ட்ரில்லுக்கு சாதா சிப்பாய்க்கு ஒரு டாலர் பக்கம் கிடைக்கும், வருஷத்துக்கு 48 ட்ரில், சம்மர் கேம்ப்ல சாப்பாடும் பூட்ஸும். அந்த ஊர்ல அந்த வருஷத்துல அது பெரிய காசு. அதனால அண்ணன் சேர்ந்தா தம்பி சேருவான், ஒரே ஸ்கூல் ஃபுட்பால் டீம் மொத்தமா சேரும், வயசைக் கூட்டிச் சொல்லி சேர்ந்தவனும் உண்டு. மத்த நாள்ல ஹால் ஊர் ஜனங்களுக்கு, டான்ஸு, குத்துச்சண்டை, கூட்டம்னு. ஊருக்கே அதுதான் பெரிய கூரை. இங்க அமெரிக்கப் பழங்குடி ஆளுங்களும் நிறைய, கிரீக், செரோக்கி, சாக்டா, செமினோல். சிலாக்கோங்கற பழங்குடிப் பள்ளியிலயே ஒரு கம்பெனி இருந்துச்சு.

இவங்கெல்லாம் சேர்ந்த படை 45ஆவது காலாட்படை டிவிஷன், ஓக்லஹோமா, கொலராடோ, நியூ மெக்சிகோ, அரிசோனா நாலு மாநிலத்து கார்டு. அவங்க தோள்பட்டையில இருந்த சின்னம் என்ன தெரியுமா, சிவப்பு சதுரத்துல மஞ்சள் ஸ்வஸ்திகா! தென்மேற்குப் பழங்குடிகளோட மங்கலச் சின்னம்னு மரியாதைக்காக வச்சது, நம்ம ஆளுங்க கணக்கு நோட்டுல போடற மாதிரிதான். ஹிட்லர் வந்து அந்தச் சின்னத்தை நாறடிச்சதும் 1939ல அதை எடுத்துட்டு அதே சிவப்பு சதுரத்துல தண்டர்பேர்ட், இடிப்பறவைன்னு ஒரு பழங்குடிக் கதைப் பறவையைப் போட்டாங்க.

1940 செப்டம்பர் 16. அமெரிக்கா இன்னும் போர்லயே இல்ல, ஆனா கூட்டரசு முதல்ல உள்ள இழுத்த நாலு கார்டு டிவிஷன்ல 45 ஒண்ணு. ஒரு வருஷப் பயிற்சிதான்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. கட்டி மூணு நாலு வருஷம் கூட ஆகாத ஆர்மரியெல்லாம் காலி. அது அஞ்சு வருஷமா நீண்டுச்சு. இத்தாலியில 1943 ஜூலை 10 சிசிலி, செப்டம்பர்ல சலேர்னோ, 1944 ஜனவரியில இருந்து அன்சியோ, ஆகஸ்ட் 15 தெற்கு பிரான்ஸ், அப்புறம் ஜெர்மனிக்குள்ள, மொத்தம் 511 நாள் சண்டை. 1945 ஏப்ரல் 29 டாக்காவ் வதைமுகாமைத் திறந்த படைகள்ல இதுவும் ஒண்ணு.

கவுரவப் பட்டியல் மட்டும் சொல்லிட்டுப் போறது நியாயமில்ல. சிசிலியில இறங்கி நாலு நாள் கழிச்சு, ஜூலை 14, பிஸ்காரி விமான தளத்துக்குப் பக்கத்துல இதே டிவிஷனோட 180ஆவது ரெஜிமெண்ட்ல ஒரு சார்ஜண்டும் ஒரு கேப்டனும் ரெண்டு தனித்தனி சம்பவத்துல சரணடைஞ்ச 73 கைதிகளைக் கொன்னாங்க, பெரும்பாலும் இத்தாலிக்காரங்க. சார்ஜண்டுக்கு ஆயுள் தண்டனை குடுத்துட்டு கொஞ்ச காலத்துல விட்டுட்டாங்க, கேப்டனை குற்றமில்லன்னு விட்டாங்க, அவர் அப்புறம் சண்டையில செத்தார். ரொம்ப வருஷம் இது வெளிய பெருசாப் பேசப்படல.

அதே 180ஆவது ரெஜிமெண்ட்தான் எர்னஸ்ட் சில்டர்ஸும். கிரீக் பழங்குடி இனத்தவர், சிலாக்கோ பள்ளியில படிச்சவர். 1943 செப்டம்பர் 22, இத்தாலியில ஒலிவேட்டோங்கற ஊருக்குப் பக்கத்துல கால் எலும்பு முறிஞ்ச நிலையில எட்டு ஆளைக் கூட்டிட்டு மலை ஏறினார். ஒரு மெஷின் கன் கூட்டை முடிச்சார், இன்னொண்ணுக்குப் பின்னாடி தவழ்ந்து போனதும் என்ன பண்ணார்னா கல்லைப் பொறுக்கி உள்ள எறிஞ்சார். அங்க இருந்த ரெண்டு பேரும் எழும்ப, ஒருத்தனை அவர் சுட்டார், இன்னொருத்தனை கூட வந்தவங்க. இதுக்குத்தான் மெடல் ஆஃப் ஆனர், அமெரிக்காவோட உச்சபட்ச வீர விருது. நான் கட்டடத்துக் கல்லையும் இந்தக் கல்லையும் முடிச்சுப் போட்டு கவிதை எழுதப் போறதில்ல, ஆனா படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு, லட்சக்கணக்குல தோட்டா செலவான போர்ல கல்லெறிஞ்சு ஜெயிச்ச ஆளு. இதே பள்ளியில படிச்ச செரோக்கிக்காரர் ஜாக் மாண்ட்கமரிக்கும் 1944 பிப்ரவரி அன்சியோ சண்டைக்கு அதே மெடல், ஒத்தை ஆளா 11 பேரைக் கொன்னு 32 பேரைக் கைதாக்கினவர்.

இந்த ஊருக்கொரு கம்பெனி ஏற்பாட்டுல ஒரு குரூரம் உண்டு. ஒண்ணாச் சேர்ந்த பசங்க ஒண்ணாவே சாகலாம். இதுக்கு அமெரிக்காவே சொல்ற உதாரணம் ஓக்லஹோமா இல்ல, வர்ஜீனியாவுல பெட்ஃபோர்டு, மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த ஊரு, அந்த ஊர் கார்டு கம்பெனி 1944 ஜூன் 6 காலையில பிரான்ஸ்ல ஒமாஹா கடற்கரையில இறங்குச்சு, அந்த ஒரே நாள்ல இருபது பேர் பக்கம் போயிட்டாங்க. தந்தி ஆபீஸுக்கு ஒரே நாள்ல அடுக்கடுக்கா தந்தி. 45ஆவது டிவிஷன் ஊர்களுக்கு இடி அப்படி ஒரே நாள்ல விழல, சலேர்னோ, அன்சியோன்னு தவணை தவணையா வந்துச்சு. செத்தவன் இடத்துக்கு வேற மாநிலத்துப் பையன் வந்து நிப்பான், 1945ல கம்பெனி பேரு மட்டும்தான் ஊர்ப் பேரு, உள்ள இருந்தது பென்சில்வேனியாவும் ஓஹையோவும்.

அஞ்சு வருஷம் கூட மூச்சு விடல, 1950 செப்டம்பர்ல கொரியாவுக்காக மறுபடியும் கூப்பிட்டாச்சு. லூசியானாவுல பயிற்சி, ஜப்பான்ல ஹொக்கைடோ, 1951 டிசம்பர்ல கொரியா. அங்க சண்டைக்கு அனுப்புன கார்டு டிவிஷன் ரெண்டே ரெண்டுதான், அதுல ஒண்ணு இது. ஓல்டு பால்டி, அதாவது மொட்டைத் தலைன்னு பேர் வச்ச ஒரு குன்றுக்காக 1952ல மாசக்கணக்குல அடிச்சுக்கிட்டாங்க. 1968ல டிவிஷனைச் சுருக்கி பிரிகேடாக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் கட்டடத்துக்கு வயசாச்சு. 1930கள்ல டிரக்குக்குன்னு வச்ச கதவுல இன்னைக்கு ராணுவ வண்டி நுழையாது, நிறுத்த இடம் கிடையாது, கம்ப்யூட்டர் வயர் இழுக்க ஒரு அடிக்கு மேல தடிச்ச கல்லுச் சுவரைக் குடையணும். 2005ல ராணுவ இடங்களைக் குறைக்கற முடிவு ஒண்ணு வந்துச்சு, சின்ன ஊர் ஆர்மரிகளை மூடி பெரிய மையங்களாச் சேர்த்தாங்க. கட்டடத்தை ஊருக்கே திருப்பிக் குடுக்கலாம்னு பார்த்தா அந்தச் சந்து குறுக்கே வந்துச்சு. ரேஞ்சுல வருஷக்கணக்கா சுட்டதுல ஈயத்தூசி, மணல்ல, தரையில, காத்துக் குழாய் வழியா பக்கத்து ஹாலுக்கும். அந்த ஹால்ல தலைமுறை தலைமுறையா பசங்க பந்து ஆடியிருக்காங்க! சின்னப் பசங்க உடம்புக்கு ஈயம் எவ்ளோ கெடுதல்னு சொல்ல வேண்டியதில்ல, மூளை வளர்ச்சியிலயே கை வைக்கும். மாநில சுற்றுச்சூழல் துறை ஒவ்வொரு கட்டடமா எடுத்து மணலை அள்ளி, தரையைக் கழுவி, சில இடத்துல பெயிண்ட் பூசி அடைச்சு, தூசி அளவு இறங்கிச்சான்னு துடைச்சு டெஸ்ட் பண்ணி அதுக்கப்புறம்தான் ஊர்க்காரங்க கையில குடுத்துச்சு. எதிரியோட குண்டு ஒண்ணு கூட விழாத கட்டடத்துல, சொந்தத் தோட்டாவோட தூசியைக் கூட்டிப் பெருக்க வேண்டி வந்துச்சு.

சாவி கைக்கு வந்த ஊர்ல சிலது உடற்பயிற்சிக் கூடமாக்குச்சு, சிலது டவுன் ஆபீஸாக்குச்சு, சிலது வச்சுச் சமாளிக்க முடியாம பூட்டியே கிடக்கு, கூரை ஒழுகுனா சரி பண்ற செலவு சின்ன ஊரு தாங்காது, கல்லு நிக்கும், கூரைதான் முதல்ல போகும். நல்லா இருக்கறதைப் பார்க்கணும்னா ஓக்லஹோமா சிட்டியில வடகிழக்கு 36ஆவது தெருவுல பழைய லிங்கன் பார்க் ஆர்மரிக்குப் போங்க, டபிள்யூ.பி.ஏ. 1937ல கட்டுனது, 45ஆவது டிவிஷன் மியூசியமா இருந்து அப்புறம் ஓக்லஹோமா நேஷனல் கார்டு மியூசியம்னு பேர் மாறுன இடம். டிக்கெட் கிடையாது. வெளிய புல்வெளியில டாங்கு, பீரங்கி, விமானம், உள்ள மியூனிக்ல ஹிட்லர் வீட்ல இருந்து எடுத்துட்டு வந்த முகம் பார்க்கற கண்ணாடி வரைக்கும் இருக்கு, எல்லாரும் அது முன்னாடிதான் நின்னு போட்டோ எடுப்பாங்க.

எங்க பையன் ஆடுன ஹால் சுத்தம் பண்ணி முடிச்ச கட்டடம்தான், பயந்துபோய் நானே ஆபீஸ்ல கேட்டுப் பார்த்தேன், பேப்பரை எடுத்துக் காட்டினாங்க. ரேஞ்சு இருந்த சந்துல இப்போ பந்து, வலை, மடக்கு நாற்காலி அடுக்கி வச்சிருக்காங்க. கதவுல மட்டும் பழைய பூட்டு அப்படியே தொங்குது, சாவி தொலைஞ்சு போனதால அதை அறுக்கவும் இல்ல பூட்டவும் இல்ல.